எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வு: டூல் தயாரிப்பதிலிருந்து கடைசி சாம்பிள் வரை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. சர்க்கரை நோயைப் பற்றி மக்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்க்க 20 கேள்விகளோடு போயிருந்தேன். எல்லாமே ஆம், இல்லை கேள்விகள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தாவிடம் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

“தினமும் பாதத்தைப் பார்த்துக்கணுங்க.”

“ஆமாங் கண்ணு.”

“மாத்திரையை நேரத்துக்குப் போடணுங்க.”

“ஆமாங் கண்ணு.”

“சர்க்கரை குறைஞ்சுட்டா மாத்திரையை நிறுத்திடலாங்க.”

“ஆமாங் கண்ணு.”

இருபதுக்கும் ஆமாங். அதில் 14 கேள்விகளுக்கு ‘ஆம்’ சரியான விடை, 6 கேள்விகளுக்கு ‘இல்லை’. ஆகவே ஆத்தாவுக்கு 14 மதிப்பெண், அதாவது 70 சதவீதம். நம் ஆய்வேடுகளில் வழக்கமாகப் போடும் பட்டியல்படி 50 வரை ‘போதாது’, 51 முதல் 75 வரை ‘ஓரளவு’, அதற்கு மேல் ‘போதுமானது’. என் கேள்வி எதற்குமே பதில் சொல்லாத ஒருவரை ‘ஓரளவு அறிவு உள்ளவர்’ கட்டத்தில் போட்டுவிட்டு வந்தேன். கொங்கு நாட்டில் ‘ஆமாங்’ என்றால் பாதி நேரம் ‘சொல்லு, கேட்டுக்கிட்டு இருக்கேன்’ என்றுதான் பொருள். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. படிவத்தைக் கையில் எடுத்ததும் மறந்துபோனது.

இன்று மாணவிகள் ‘மேடம், டூல் ரெடி பண்ணணும்’ என்று வரும்போதெல்லாம் இந்த ஆத்தாதான் நினைவுக்கு வருகிறார். டூல், அதாவது ஆய்வுக்குத் தகவல் திரட்டும் கருவி, என்றால் தட்டச்சு செய்த நான்கு பக்கம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கேட்கிறவர், கேட்கும் சொல், கேட்கும் இடம், நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் டூல். இனி வேலையை வரிசையாகப் பார்ப்போம். விளக்கத்துக்கு ஒரு தலைப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளில் (மின் தையல் மெஷினில்) தைக்கும் பெண்களின் கழுத்து, தோள் வலிக்கு நீட்சிப் பயிற்சி பலன் தருகிறதா?

1. முதலில் ஒரு நோட்டுப் பக்கம்

கணினியைத் திறக்கும் முன் நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் குறிக்கோள், இரண்டாவதில் அதிலுள்ள மாறி (அளக்கப்போகும் விஷயம்), மூன்றாவதில் ‘இது யாருக்குத் தெரியும்?’, நான்காவதில் கருவி. மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை நிரப்பிவிட்டால் நான்காவது தானாக வந்துவிடும்.

வலி எவ்வளவு என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். ஆகவே கேட்க வேண்டும். கழுத்து எத்தனை பாகை வளைகிறது என்பது அவருக்கே தெரியாது. அதைக் கோனியோமீட்டரால் அளக்க வேண்டும். மெஷினில் எப்படி உட்காருகிறார் என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும், ஆகவே உற்றுநோக்கல் படிவம். வலியால் எத்தனை நாள் லீவு போட்டார் என்பது கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். கேட்டல், அளத்தல், பார்த்தல், ஏட்டைப் புரட்டுதல், இந்த நான்கில்தான் முதுநிலை நர்சிங் ஆய்வில் வரும் எல்லா முறைகளும் அடங்குகின்றன.

‘வேலை செய்யும்போது நேராக உட்காருவீர்களா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை’ என்று ஒரு கேள்வித்தாளில் பார்த்தேன். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? பார்க்க வேண்டியதைக் கேட்டால் வருவது ஊகம்தான். இதற்கென்றே 1993-இல் வெளியான ரூலா என்ற உற்றுநோக்கல் முறை இருக்கிறது. கை, கழுத்து, முதுகு நிலைகளைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடலாம். ஒரு நாள் உட்கார்ந்து பழகினால் கைவந்துவிடும்.

2. இருக்கிற கருவியை முதலில் தேடுங்கள்

சொந்தமாகக் கேள்வி எழுதுவது பெருமைதான், ஆனால் கடைசி வழியாக இருக்கட்டும். உலகம் முழுக்கச் சோதிக்கப்பட்ட கருவி இருந்தால் அதையே எடுங்கள். படுக்கைப்புண் ஆபத்துக்கு பிராடன் அளவுகோல்: 6 பிரிவு, 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். வாய்ப்பேச்சு வராத குழந்தையின் வலிக்கு ஃப்ளாக்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்று 5 கூறு, மொத்தம் 10. தாய்ப்பால் ஊட்டலுக்கு லாட்ச், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 1987-இல் வந்த 10 கேள்வி எடின்பரோ அளவுகோல், பராமரிப்பாளர் சுமைக்கு 22 கேள்வி ஜாரிட், வாழ்க்கைத் தரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விக் கருவி. கடைசியில் சொன்னதற்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது.

நம் உதாரணத்துக்கு மூன்று போதும். வலியின் அளவுக்கு 0 முதல் 10 வரையான எண் அளவுகோல். உடம்பில் எங்கெங்கே வலி என்பதற்கு நார்டிக் கேள்வித்தாள்: உடலை 9 பகுதியாகப் பிரித்துக் கடந்த 12 மாதத்தையும் கடந்த 7 நாளையும் தனித்தனியாகக் கேட்கும். அன்றாட வேலைக்குக் கழுத்துவலி எவ்வளவு இடைஞ்சல் என்பதற்குக் கழுத்து இயலாமைக் குறியீடு: 10 கூறு, மொத்தம் 50.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தக் குறியீட்டில் ஒரு கூறு கார் ஓட்டுவது பற்றியது. கம்பெனி வேனில் வந்து இறங்கும் பெண்ணிடம் ‘வண்டி ஓட்டும்போது கழுத்து வலிக்குமா?’ என்றால் என்ன சொல்வார்? மாணவிகள் பேசாமல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு 45-க்குக் கணக்குப் போடுவார்கள். அல்லது ‘தையல் மெஷின் ஓட்டும்போது’ என்று மாற்றிவிட்டு, பழைய பெயரையே ஆய்வேட்டில் போடுவார்கள். இரண்டும் வம்பு. மாற்றினால் ‘திருத்தியமைத்த’ என்று எழுதி, வாலிடிட்டியும் (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா) ரிலையபிலிட்டியும் (எப்போது, யார் அளந்தாலும் ஒரே மாதிரி வருகிறதா) புதிதாகப் பார்த்தாக வேண்டும். மாற்றாமல் ‘பொருந்தாது’ என்று விட்டால் மீதிக் கூறுகளைச் சதவீதமாக மாற்றி, அதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்க்கும் மோரிஸ்கி 8 கேள்வி அளவுகோலுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பயன்படுத்தியதால் வெளியான கட்டுரைகளைத் திரும்பப் பெற்ற கதைகள் உண்டு. ‘இணையத்தில் கிடைத்தது மேடம்’ என்பது அனுமதி ஆகாது. கருவியின் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மாணவர் என்றதும் இலவசமாகத் தருகிறார்கள். அந்தப் பதிலை இணைப்பில் வையுங்கள்.

3. சொந்தக் கேள்வி எழுதும்போது

அறிவைச் சோதிக்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் நாமே எழுத வேண்டியதாகத்தான் இருக்கும். முதலில் வரைபடம் போடுங்கள்: நோயின் காரணம் 4 கேள்வி, அறிகுறி 4, உணவு 5, மருந்து 5, பாதப் பராமரிப்பு 6 என்று. இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த இடத்தில் கேள்வி குவிந்துவிடும்.

‘உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் செய்கிறீர்களா?’ இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. நடக்கிறார், ஆனால் பலகாரத்தை விடவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? ‘உப்பைக் குறைக்காமல் இருப்பது நல்லதல்ல’ போன்ற இரட்டை எதிர்மறை தமிழில் இன்னும் மோசம். கேட்பவருக்குத் தலை சுற்றும், நமக்கும் மதிப்பெண் போடும்போது சுற்றும்.

‘எப்போதாவது’, ‘சில சமயம்’, ‘அவ்வப்போது’ மூன்றும் ஊரில் ஒன்றுதான். லிக்கர்ட் அளவுகோலை (பதில்களைப் படிப்படியாகக் கட்டம் போட்டுக் கேட்பது) மொழிபெயர்க்கும்போது இந்த மூன்றையும் அடுத்தடுத்த கட்டத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முடிந்த இடத்தில் நாள் கணக்காகக் கேளுங்கள்: ‘போன வாரம் ஏழு நாளில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?’

நேரத்தைச் சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘காலை, மாலை’ என்று படிவத்தில் இருக்கலாம். வாயால் கேட்கும்போது ‘வெடியால போட்டுக்கறீங்களா, பொழுதோட போட்டுக்கறீங்களா?’ என்றால்தான் பல ஆத்தாக்களுக்குச் சட்டென்று பிடிபடும். கேட்பவர் நீங்கள் ஒருவரே என்றாலும் இந்த மாற்றுச் சொற்களைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்து எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறு என்றால் இரண்டு டூல் ஆகிவிடும்.

அந்த ஆத்தாவிடம் இப்போது போனால் ‘நிறுத்திடலாங்களா?’ என்று கேட்கமாட்டேன். ‘சர்க்கரை குறைஞ்சுருச்சுன்னு டாக்டர் சொன்னா, மாத்திரையை என்ன பண்ணுவீங்க ஆத்தா?’ என்பேன். பின்னொரு முறை இன்னொரு பாட்டியிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தேன். ‘அதெங்க கண்ணு, காலு எரிஞ்சாத்தான் போடறது’ என்றார். இருபது ஆம், இல்லை கேள்வியில் கிடைக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. பதில்களை முன்பே வகைப்படுத்தி வைத்துக்கொண்டு, அவர் சொல்வது எதில் வருகிறதோ அதில் நீங்கள் டிக் போடலாம்.

வருமானக் கேள்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குப்புசாமி அளவுகோல் நகரக் குடும்பங்களுக்கு 1976-இல் உருவானது. பிரசாத் வகைப்பாடு 1961-இல் வந்தது, கிராமத்துக்கும் பொருந்தும். இரண்டிலும் ரூபாய் வரம்பு விலைவாசிக் குறியீட்டோடு மாறும், ஆகவே சீனியரின் ஆய்வேட்டிலிருந்து நகல் எடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய சங்கதி, ‘மாச வருமானம் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு இங்கே பாதிப் பேரிடம் பதிலே இல்லை. தறி ஓட்டுபவருக்கு வாரக் கூலி. பால் ஊற்றுபவருக்குச் சொசைட்டியில் பட்டுவாடா நாளன்று பணம். தோப்புக்காரருக்குக் காய் வெட்டும்போது. ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. அவரவர் கணக்கிலேயே கேட்டு வாங்கி, மாதக் கணக்கை நீங்கள் போடுங்கள்.

4. மொழிபெயர்ப்பு

ஆங்கிலக் கருவியை இரு மொழியும் தெரிந்த ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பிரிஸ்லின் 1970-இல் சொன்ன இந்த வழிதான் இன்றும் நடைமுறை. கல்லூரிகளில் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் கையெழுத்துச் சான்றிதழ் வாங்குவதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தத் தமிழ் இலக்கணப்படி சுத்தமாக இருக்கும், வார்டில் யாருக்கும் புரியாது.

என் மாணவி ஒருவர் பைலட்டில் (மெயின் ஸ்டடிக்கு முன் செய்யும் சிறு ஒத்திகையில்) ‘உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா?’ என்று கேட்டார். ‘இருக்குங்க, ரெண்டு வருஷமா பிரசர் மாத்திரை போடறேன்’ என்றார் அந்த அம்மா. ரத்த அழுத்தம் காதில் பழகியிருக்க, மன அழுத்தமும் அதன் தங்கை என்று நினைத்துவிட்டார். ‘மனசுக்குப் பாரமா இருக்குதுங்களா’ என்று மாற்றிய பிறகுதான் பேச்சு வந்தது. ஆகவே திருப்பி மொழிபெயர்த்த பிறகு நான்கைந்து பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, ‘நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். இதைச் செய்யாத ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

கொங்கு நாட்டில் எல்லோர் வீட்டிலும் தமிழ் பேசுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். திருப்பூரில் தையல் லைனிலேயே இந்தி, ஒடியா, வங்காளம் கேட்கும். ‘தமிழ் புரிந்தவர்கள் மட்டும்’ என்று தேர்வு விதி போட்டால் அந்த லைனில் யாரை விட்டுவிட்டீர்கள் என்பதை வரம்புகள் பகுதியில் எழுதுங்கள்.

5. வாலிடிட்டி: நிபுணர் கையெழுத்து மட்டும் போதாது

ஐந்து நிபுணர்களிடம் கொடுத்து ‘கருவி பொருத்தமானது’ என்று சான்றிதழ் வாங்கி இணைப்பில் வைப்பது வழக்கம். அதற்கு மேலே ஒரு படி போங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை பொருத்த மதிப்பெண் கேளுங்கள். 3 அல்லது 4 போட்டவர்கள் எத்தனை பேர், அதை மொத்த நிபுணர் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தக் கேள்வியின் உள்ளடக்கக் குறியீடு.

20 கேள்வி, 5 நிபுணர் என்று வைப்போம். 17 கேள்விக்கு ஐந்து பேரும் 3 அல்லது 4. இரண்டுக்கு நான்கு பேர், அதாவது 0.80. ஒன்றுக்கு மூன்று பேர், 0.60. சராசரி: 17-உம் 1.6-உம் 0.6-உம் சேர்ந்து 19.2, அதை 20-ஆல் வகுத்தால் 0.96. மொத்தக் கருவிக்கு 0.90-க்கு மேல் இருந்தால் நல்லது, ஆகவே மகிழ்ச்சி. ஆனால் நிபுணர் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது லின் 1986-இல் சொன்ன விதி. ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் 0.78 போதும். ஆகவே அந்த மூன்று கேள்விகளையும் திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும். சராசரி அழகாக இருக்கிறது என்று மோசமான கேள்வியை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ஐந்து பேரும் உங்கள் கல்லூரி ஆசிரியர்களாக இருந்தால் எல்லாக் கேள்விக்கும் 4 விழும். நம் தலைப்புக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு தொழிற்சாலை நர்ஸ், சமுதாய நல நர்சிங் ஆசிரியர், ஒரு எலும்பு மருத்துவர் என்று கலந்து போடுங்கள். மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். ஒரு நிபுணர் கட்டாயம் ஊரில் இருக்கமாட்டார்.

6. ரிலையபிலிட்டி: எந்தக் கருவிக்கு எந்தக் கணக்கு

சரி, தவறு என்று மதிப்பெண் வரும் அறிவுக் கேள்விகளுக்கு கூடர்-ரிச்சர்ட்சன் 20. லிக்கர்ட் வகைக்கு கிரான்பாக் ஆல்ஃபா. கேள்விகள் ஒன்றோடொன்று இணங்கிப் போகின்றனவா என்று பார்க்கும் கணக்குகள் இவை. இரண்டிலும் 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். 0.95-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பீர்கள். வலிக்கான எண் அளவுகோல் ஒற்றைக் கேள்வி. அதற்கு ஆல்ஃபா கணக்கிட்டு 0.88 என்று எழுதியிருந்த ஆய்வேட்டைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரே ஒரு கூறுக்குள் உள்ளிணக்கம் எங்கிருந்து வரும்?

உற்றுநோக்கல் படிவத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆளைப் பார்த்து, ஒருவர் படிவத்தை மற்றவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். 20 தையல்காரர்களைப் பார்த்தீர்கள். ‘கழுத்து அதிகமாகக் குனிந்திருக்கிறது’ என்பதற்கு இருவரும் ஆம் 12, இருவரும் இல்லை 4, மீதி 4 இடத்தில் ஆளுக்கு இரண்டாக மாறிப் போட்டிருக்கிறீர்கள். ஒத்துப்போனது 16, அதாவது 80 சதவீதம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இருவரும் 70 சதவீதம் பேருக்கு ‘ஆம்’ போடும் பழக்கத்தில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.7 பெருக்கல் 0.7, கூட்டல் 0.3 பெருக்கல் 0.3, அதாவது 58 சதவீதம் ஒத்துப்போகும். அதைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹனின் கப்பா: 0.80-இலிருந்து 0.58 போனால் 0.22, அதை 0.42-ஆல் வகுத்தால் 0.52. எண்பது என்று பீற்றிக்கொண்டது சுமார்தான் என்று தெரிகிறது. ‘அதிகமாக’ என்றால் எத்தனை பாகை என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு மறுபடி பாருங்கள், ஏறிவிடும்.

கருவியால் அளப்பதற்கும் இதே கவனம். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் 5 நிமிடம் உட்கார வையுங்கள். அரை மணிக்குள் காபி குடித்திருக்கிறாரா என்று கேளுங்கள். கை இதய மட்டத்தில், பாதம் தரையில், முதுகு சாய்ந்து. பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் கூடக் காட்டும். பேசிக்கொண்டே எடுத்தாலும் கூடும், நம் ஆட்கள் பேசாமல் இருக்கமாட்டார்கள், ஆகவே விசாரிப்பை முன்பே முடித்துவிடுங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். குளுக்கோமீட்டர் என்றால் ஸ்ட்ரிப் காலாவதித் தேதியையும்.

7. அனுமதி வாங்கும் படி

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு சாம்பிளையும், அதாவது ஆய்வில் சேரும் ஒரு ஆளையும், தொடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். நீட்சிப் பயிற்சி போன்ற தலையீடு என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1-இலிருந்து, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும். பின்னால் பதிய வழி கிடையாது, ஆகவே அதற்கும் சில வாரம் கணக்கில் வையுங்கள்.

கம்பெனி முதலாளி சம்மதித்துவிட்டார் என்றால் உள்ளே போகலாம், அவ்வளவுதான். தொழிலாளியின் சம்மதம் தனி. ‘எச்.ஆர். சார் சொல்லிட்டாரு, எல்லாரும் வந்து உக்காருங்க’ என்று சூப்பர்வைசர் லைனை நிறுத்தி அனுப்பினால், அது சம்மதம் இல்லை, உத்தரவு. அவரை நாசூக்காக வெளியே அனுப்பிவிட்டு, ‘வேண்டாம்னா போயிரலாங்க, யாருக்கும் சொல்லமாட்டோம்’ என்று சொல்லுங்கள். ஓரிருவர் எழுந்து போனால் சந்தோஷப்படுங்கள், மீதிப் பேர் மனதோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது உங்களைச் சாராத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். தகவல் தாளின் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

8. பைலட்

மெயின் ஸ்டடியின் பத்தில் ஒரு பங்கு என்பது நம் வழக்கம். 60 பேர் என்றால் 6. பைலட்டில் வந்தவர்களை மெயினில் சேர்க்காதீர்கள். பைலட்டின் முடிவு என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனை நிமிடம் ஆனது, எந்தக் கேள்வியில் தயங்கினார்கள், எந்தப் பக்கத்தைத் திருப்ப மறந்தார்கள், இவைதான் வேண்டும். மதிய உணவு இடைவேளையில் சாப்பிட்டு மீதி இருக்கும் பதினைந்து நிமிடத்துக்குள் 40 நிமிடக் கேள்வித்தாள் நுழையாது. பைலட்டில் இது தெரிந்தால் கேள்வியைக் குறைக்கலாம். மெயினில் தெரிந்தால் அழத்தான் வேண்டும்.

9. களம்

வலி காலையில் ஒரு மாதிரி, ஷிப்ட் முடியும்போது ஒரு மாதிரி இருக்கும். முன்தேர்வை (பயிற்சிக்கு முந்தைய அளவை) திங்கள் காலையிலும் பின்தேர்வை (பயிற்சிக்குப் பிந்தைய அளவை) சனிக்கிழமை மாலையிலும் எடுத்தால் நீங்கள் பயிற்சியின் பலனை அளக்கவில்லை, வாரக் களைப்பை அளக்கிறீர்கள். ஒரே கிழமை, ஒரே மணி. வாரச் சம்பளம் போடும் நாளன்று போகவே போகாதீர்கள், எல்லோர் மனதும் பட்டுவாடாவில் இருக்கும்.

நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளி மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று கம்பெனிக்கே தெரியாது. நான்கு வாரப் பயிற்சியின் மூன்றாவது வாரத்தில் நோம்பி (பண்டிகை) வந்தால் பின்தேர்வுக்குப் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆர்டர் அவசரத்தில் ஓவர்டைம் ஓடும் வாரத்தில் கட்டுப்பாட்டுக் குழுவின் (ஒப்பிடுவதற்காகப் பயிற்சி தராமல் வைத்திருப்பவர்களின்) வலியும் கூடும், உங்கள் பயிற்சி அற்புதம் செய்ததுபோல் தெரியும்.

இரண்டு குழுவையும் ஒரே லைனிலிருந்து எடுக்காதீர்கள். டீ இடைவேளையில் ஒருவர் கழுத்தைச் சுழற்றினால் பக்கத்து மெஷின்காரர் ‘என்னக்கா பண்றீங்க’ என்று கேட்டு அவரும் சுழற்றுவார். இரண்டு தனி யூனிட்டாக இருந்தால் நல்லது. முடிந்தால் பின்தேர்வை யார் எந்தக் குழு என்று தெரியாத ஒரு தோழியை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் பயிற்சி கொடுத்தவர் முகத்தைப் பார்த்து ‘வலி குறையலை’ என்று சொல்ல நம் ஊர்ப் பெண்களுக்கு மனசு வராது. இதுவும் அந்த ‘ஆமாங்’ரகம்தான்.

வீடு வீடாகப் போகும் ஆய்வென்றால் கிராம சுகாதார செவிலியர் அல்லது மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் மூலம் அறிமுகமாகுங்கள். ஆனால் கேள்வி கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். மாத்திரை கொண்டுவந்து கொடுப்பவர் எதிரே ‘மாத்திரை போடறதில்லை’ என்று யார் சொல்வார்கள்? பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள். மாமியார் மருமகளுக்காகப் பதில் சொன்னால், ஒருவரிடம் நீங்கள் ரத்த அழுத்தம் பார்க்க, தோழி இன்னொருவரிடம் அந்தப் பக்கம் கேள்வி கேட்கட்டும். எந்த வீட்டிலும் கோபம் வராமல் பிரிக்கும் வழி இதுதான்.

அனுபவங்களைக் கேட்கும் பண்புசார் ஆய்வென்றால் ஒலிப்பதிவுக் கருவி, உதிரி பேட்டரி, ஒரு சின்ன நோட்டு. பேச்சை அன்றைக்கு இரவே எழுத்தாக்குங்கள். அவர் சொன்ன ‘நெம்பச் சலிப்பா இருக்குங்க’ என்பதை ‘மிகுந்த மனச்சோர்வாக உள்ளது’ என்று மாற்றாதீர்கள். சலிப்பு வேறு, சோர்வு வேறு. புதிதாக எதுவும் வராத நிலை வரும்வரை பேசுங்கள், எண்ணிக்கையை முன்பே பூட்டிவைக்க வேண்டாம்.

கூகுள் ஃபார்ம் நர்சிங் மாணவிகளிடம் ஆய்வு செய்ய நல்லது. மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்துவிட்டு அனுப்புங்கள். நோயாளிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் பேரன்தான் நிரப்புவான். நேரில் கேட்டு நீங்களே பதிய கோபோ டூல்பாக்ஸ் வசதி: சிக்னல் இல்லாத மலையடிவாரத்திலும் வேலை செய்யும், ஊருக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். வயது 430 என்று தட்டினால் ஏற்காதபடி வரம்பும் வைக்கலாம்.

10. படிவத்திலிருந்து ஷீட்டுக்கு

ஆளை அனுப்பும் முன் படிவத்தை ஒரு தடவை புரட்டுங்கள். விடுபட்ட கட்டத்தை அங்கேயே கேட்டால் அரை நிமிடம், பிறகு தேடிப் போனால் அரை நாள். படிவத்தில் பெயர் வேண்டாம், எண் மட்டும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியலைத் தனி நோட்டில் பூட்டி வையுங்கள். பதில் இல்லாததற்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 99 போன்ற ஒரு குறியீடு போடுங்கள், வலி மதிப்பெண்ணில் அது கலந்துவிடாதபடி மென்பொருளுக்கும் சொல்லிவிடுங்கள். 99-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்து, 0 முதல் 10 வரையான அளவுகோலில் சராசரி வலி 12.4 என்று கொண்டுவந்த மாணவி ஒருவர் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு வலி, பாவம்.

ஒரே தரவை இரண்டு பேர் தனித்தனியாக உள்ளிட்டு ஒப்பிட்டால் தட்டச்சுப் பிழை தெரிந்துவிடும். அன்றன்றைக்கே உள்ளிடுங்கள், இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

பின்தேர்வு முடிந்த நாளோடு கம்பெனி வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். கட்டுப்பாட்டுக் குழுப் பெண்கள் நான்கு வாரம் ஒன்றும் பெறாமல் உங்கள் கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறார்கள். அட்டவணையில் அவர்களுக்கென்று இன்னொரு நாள் ஒதுக்கி, அதே நீட்சிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள், படம் போட்ட தாளையும் கொடுங்கள். கழுத்தைப் பின்பக்கம் வேகமாகச் சாய்க்கக் கூடாது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.